நிலாவின் சிவப்பு வேறு, சூரியனின் சிவப்பு வேறு

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு, முழுச் சந்திர கிரகணம். எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிக்குச் சற்று முன் ஓரம் கருக்கத் தொடங்கிய நிலா, பதினொரு மணிக்கு முழுதாக மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. புளி போட்டுத் தேய்த்து நாளான செப்புக் குடம்போல், மங்கிய சிவப்பில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

உடனே விளக்கங்கள் வரத் தொடங்கின. பூமியின் நிழலே சிவப்புதான் என்றார் கீழ்வீட்டு மாமா. காற்று முப்பட்டகம்போல் வேலை செய்து, ஏழு நிறத்தில் சிவப்பை மட்டும் நிலாப் பக்கம் வளைத்துவிடுகிறது என்றான் பொறியியல் படிக்கும் அவர் மகன். 2019 சூரிய கிரகணத்தில் சூரியனும் இப்படித்தான் சிவந்திருந்தது, எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் என்று முடித்துவைத்தார் இன்னொருவர். எங்கள் பெரியம்மாவுக்கு வேறு சந்தேகம். பஞ்சாங்கத்தில் இது ராகு கிரஸ்த கிரகணம் என்று போட்டிருந்தது. ராகு கரும்பாம்பு, கேதுதான் செம்பாம்பு. கரும்பாம்பு பிடித்த நிலா எதற்குச் சிவக்க வேண்டும்?

நால்வரில் பெரியம்மா கேட்டது கேள்வி. மற்ற மூவரும் சொன்னவை பதில்கள், மூன்றும் பிசகு. அதிலும் அந்தக் கடைசிப் பதில்தான் குழப்பத்தின் வேர் என்று எனக்குப் படுகிறது. 'கிரகணச் சிவப்பு' என்று ஒரே ஒரு சரக்கு கிடையாது. நிலாவில் தெரிவது மிச்சச் சிவப்பு. வெள்ளை ஒளியிலிருந்து மற்ற நிறங்கள் வழியில் பறிபோன பின் எஞ்சியது. முழுச் சூரிய கிரகணத்தில் சூரியனின் விளிம்பில் தெரிவது சொந்தச் சிவப்பு. சூரியனே அந்த நிறத்தில் உமிழ்வது. இரண்டுக்கும் உறவில்லை. இது போக, கண்ணாடி தரும் பொய்ச் சிவப்பு ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிழலுக்குள் நிழல்

இரவில் டியூப்லைட் எரியும்போது சுவருக்கு முன்னால் கையை நீட்டிப் பாருங்கள். சுவரை ஒட்டினாற்போல் வைத்தால் நிழல் கறுப்பாக, விளிம்பு வெட்டினாற்போல் விழும். கையைக் கொஞ்சம் விலக்கினால், கறுப்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கரை தோன்றும். அந்தச் சாம்பல் பகுதியில் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால், அதற்கு விளக்கின் ஒரு பாதி மட்டும் தெரியும். நடுவில் உள்ள கறுப்பில் உட்கார்ந்த எறும்புக்கு விளக்கே தெரியாது. நடுக்கறுப்புக்குக் கருநிழல் என்று பெயர். சாம்பல் கரைக்குப் புறநிழல்.

பூமிக்கும் இப்படி இரண்டு நிழல்கள் உண்டு. கருநிழல் கூம்பு வடிவில் விண்வெளியில் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் நீள்கிறது. நிலா இருப்பதோ சராசரியாக 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டரில். அந்தத் தொலைவில் கருநிழலின் அகலம் நிலாவின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஆகவே முழு நிலாவும் அதற்குள் தாராளமாக அமிழ்ந்துபோகும். செப்டம்பரில் 82 நிமிடங்கள் அமிழ்ந்திருந்தது.

சூரியன் சிறிதும் தெரியாத இடம் கருநிழல் என்றால், அதற்குள் போன நிலா கரியாகக் கறுத்திருக்க வேண்டும். பூமி காற்றில்லாத வெறும் பாறையாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். சிவப்புக்குப் பொறுப்பாளி நிலா இல்லை, நிழலும் இல்லை. நம் காற்று.

ஒரு டம்ளர் தண்ணீர், நாலு சொட்டுப் பால்

காற்று ஒளியை என்ன செய்கிறது என்பதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பூன் நுனியால் தொட்டு நாலு சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை டம்ளரின் ஒரு பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஊதுபத்திப் புகை பரவியதுபோல் தண்ணீரில் மெல்லிய நீலம் தெரியும். இப்போது டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் வந்து டம்ளர் வழியாகப் பாருங்கள்; வெள்ளையாக இருந்த டார்ச் மஞ்சளித்திருக்கும். இன்னும் நாலைந்து சொட்டு விட்டால் மஞ்சள் ஆரஞ்சாக மாறும். முதல் முறை கை தவறி அரைக் கரண்டி ஊற்றிவிட்டேன். வெறும் வெள்ளைக் கலங்கல்தான் மிஞ்சியது. சொட்டுக் கணக்கு முக்கியம்.

நடந்தது இதுதான். டார்ச்சின் வெள்ளை ஒளி பல நிறங்களின் கலவை. ஒளி அலையாகப் பயணிக்கிறது. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம் அலைநீளம். நீலத்துக்கு அது சுமார் 450 நானோமீட்டர், சிவப்புக்குச் சுமார் 650. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பாலில் உள்ள நுண்துகள்கள் வழியில் வரும் ஒளியைப் பிடித்து நாலா பக்கமும் இறைக்கின்றன. இப்படி இறைபடுவதற்கு ஒளிச்சிதறல் என்று பெயர். குட்டை அலைகளான நீலம் அதிகம் இறைபட்டுப் பக்கவாட்டில் போய்விடுகிறது. நீண்ட அலைகளான சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் நேராக வந்து சேர்கின்றன.

காற்றில் இந்த வேலையைச் செய்பவை நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள். அவை அலைநீளத்தைவிட மிக மிகச் சிறியவை என்பதால் ஓரவஞ்சனை இன்னும் கூடுதல்: அலைநீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்கு. 1871இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு கண்ட கணக்கு இது. இதன்படி நீலம் சிவப்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. பகலில் வானம் நீலமாக இருப்பதும், மாலையில் சூரியன் சிவந்து விழுவதும் ஒரே வரவு செலவின் இரண்டு பக்கங்கள். நம் தலைக்கு மேலே வானத்துக்கு நீலத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு தொடுவானத்துக்குப் போகிறது வெயில்.

உதய நிலா ஆரஞ்சாக இருப்பதும் இதனால்தான். ஆனால் அதை நிறம் மாற்றுவது நமக்கும் நிலாவுக்கும் நடுவில் உள்ள காற்று. நிலா மேலே ஏறியதும் வெளுத்துவிடும். கிரகண நிலா உச்சி வானத்தில் இருந்தாலும் சிவந்தே இருக்கிறது. அதன் மேல் விழும் ஒளியே சிவப்பு. நிறம் வேறோர் இடத்தில் ஏறிவிட்டது.

நிழலுக்குள் ஒளி எப்படிப் புகுந்தது?

தண்ணீர் டம்ளரில் போட்ட கரண்டி ஒடிந்ததுபோல் தெரியும். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது ஒளி திசை மாறுவதால் வருவது அது, ஒளிவிலகல் என்பார்கள். விண்வெளியின் வெற்றிடத்திலிருந்து காற்றுக்குள் வரும் ஒளியும் இப்படித் திரும்புகிறது, கொஞ்சமாக. பூமியின் விளிம்பை உரசிச் செல்லும் ஒரு கதிர் காற்றுக்குள் வரும்போது அரைப் பாகைக்குச் சற்று அதிகம் வளைகிறது. மறுபக்கம் வெளியேறும்போது அதே அளவு இன்னொரு முறை. மொத்தம் ஒரு பாகைக்கு மேல். கேட்கச் சிறிய கணக்குதான். ஆனால் நான்கு லட்சம் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்போது, கருநிழலின் நட்டநடுவில் விழுவதற்குக்கூட இந்த வளைவு போதும்.

இந்தக் கதிர் கடந்துவந்த காற்றின் அளவைப் பாருங்கள். அஸ்தமன நேரத்தில் சூரிய ஒளி நம் கண்ணை வந்தடையத் தாண்டும் காற்று, உச்சி வெயில் தாண்டுவதைப்போல் சுமார் 38 மடங்கு. பூமியை உரசிப் போகும் கதிர் அதே தூரத்தை நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை என இரட்டிப்பாகக் கடக்கிறது. அவ்வளவு காற்றில் நீலம் ஏறத்தாழ முழுதாகத் துடைத்தெடுக்கப்பட்டுவிடும். பச்சையும் பெருமளவு போய்விடும். தப்பிப் பிழைப்பது சிவப்பும் கொஞ்சம் ஆரஞ்சும். நிலாவின் சாம்பல் நிறப் பாறை அதைத் திருப்பி அனுப்புகிறது. நாம் மொட்டைமாடியில் பார்க்கிறோம்.

முப்பட்டகம் சொன்ன தம்பிக்கு ஒரு வார்த்தை. முப்பட்டகத்தில் அதிகம் வளைவது நீலப் பக்கம். சிவப்பு குறைவாகத்தான் வளையும். காற்றிலும் அப்படியே. வளைவதுதான் நிறத்துக்குக் காரணம் என்றால், நிழலுக்குள் ஆழமாகப் போக வேண்டியது நீலம். நிலா நீலமாக அல்லவா இருந்திருக்கும்? வளைவு ஒளியைக் கொண்டுசேர்க்கிறது. நிறத்தைத் தீர்மானிப்பது சிதறல். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய விளக்கங்கள் கைபேசியில் எத்தனையோ சுற்றுகின்றன.

இதையே நிலாவில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும்? அங்கே அது சூரிய கிரகணம். நம் நிலாவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அகலமான கரிய பூமி சூரியனை மறைத்து நிற்கும். அந்தக் கறுப்பு வட்டத்தைச் சுற்றி நெருப்பு நூல்போல் ஒரு சிவந்த வளையம். அந்த நிமிடத்தில் பூமியில் எங்கெல்லாம் சூரியன் உதிக்கிறதோ, எங்கெல்லாம் மறைகிறதோ, அத்தனை விடியலும் அத்தனை அந்தியும் சேர்ந்து கோத்த வளையம் அது. வெறும் கற்பனை இல்லை. 1967 ஏப்ரல் 24 அன்று, நிலாவில் இறங்கியிருந்த சர்வேயர் 3 விண்கலம் பூமி சூரியனை மறைப்பதைப் படமெடுத்தது. 2025 மார்ச் 14 கிரகணத்தை புளூ கோஸ்ட் என்ற தனியார் கலம் அங்கிருந்து படம்பிடித்தது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பூமியின் விளிம்புக் காற்று ஒளியை நிழலுக்குள் வளைக்கிறது, அதே காற்று வழியில் நீலத்தைச் சிதறடித்துவிடுகிறது, மிஞ்சிய சிவப்பு நிலாவில் விழுகிறது.

ஒரே சிவப்பு இல்லை

அப்படியானால் எல்லா முழுச் சந்திர கிரகணமும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். இல்லை. சில கிரகணங்களில் நிலா ஆரஞ்சுப் பழம்போல் ஒளிரும்; சிலவற்றில் இருக்குமிடம் தேடும்படி கறுத்துவிடும். பிரான்சின் ஆந்த்ரே தான்ஜோன் என்ற வானியலாளர் இதற்காகவே 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் வைத்தார். 0 என்றால் நிலா கிட்டத்தட்டக் காணாமல் போனது. 2 துருச் சிவப்பு. 4 பளிச்சென்ற செம்பு நிறம். கருவி எதுவும் வேண்டாம், கண்ணால் பார்த்து மதிப்பெண் போட்டால் போதும். எங்கள் மாடியில் நடந்த வாக்கெடுப்பில் செப்டம்பர் கிரகணம் 2 வாங்கியது. மாமா மட்டும் 3 கொடுத்தார்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம், நிலா நிழலின் நடுவே போனதா ஓரமாகப் போனதா என்பது. அதைவிடச் சுவையான காரணம் எரிமலை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்தபோது, அது கக்கிய கந்தக வாயு மேல்வளிமண்டலத்தில் மெல்லிய அமிலத் துளிகளாக மாறி உலகம் முழுவதும் பரவியது. ஒன்றரை ஆண்டு கழித்து, 1992 டிசம்பரில் வந்த முழுக் கிரகணத்தில் நிலா கரிக்கட்டையாகத் தெரிந்தது. சிவப்பும் தப்பிவர முடியாதபடி அந்தத் துளிகள் வழியை அடைத்துவிட்டன. 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்த பிறகு, 1884 அக்டோபர் கிரகணத்திலும் இதே கதை. பூமியின் காற்று எவ்வளவு சுத்தம் என்பதை நிலாவைப் பார்த்துச் சொல்லலாம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது: முழுமை தொடங்குவதற்குச் சற்று முன்பும், முடிந்த உடனேயும், நிழலின் விளிம்பில் மெல்லிய நீலக்கரை ஓடும். அந்த ஒளி மிக உயரத்தில், ஓசோன் படலத்தின் வழியாக வந்தது. ஓசோன் நீலத்தைவிட்டுச் சிவப்புப் பக்கத்து ஒளியைக் கொஞ்சம் விழுங்கும். பைனாகுலர் இருந்தால் தேடிப் பாருங்கள்.

பாதி கிரகணத்தில் மட்டும் ஏன் நிழற்பகுதி கறுப்பாகவே தெரிகிறது? சிவப்பு அப்போதும் அங்கே இருக்கிறது; பக்கத்தில் எரியும் வெள்ளைப் பாதியின் கூச்சத்தில் கண்ணுக்கு எட்டுவதில்லை. எதிரே வரும் பஸ்ஸின் முகப்பு விளக்கில் சாலையோரம் நிற்பவர் தெரியாமல் போவதைப்போல. மறைந்த பகுதி பல ஆயிரம் மடங்கு மங்கல்.

கண்ணாடியின் பொய்ச் சிவப்பு

இனி சூரியன். 2019 டிசம்பர் 26 காலை, கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் குறுக்கே ஒரு பட்டையில் வளைய கிரகணம் தெரிந்தது. நிலா அன்று சற்றுத் தொலைவில் இருந்ததால் சூரியனை முழுதாக மூட முடியவில்லை. சுற்றிலும் ஒளி வளையம் மிஞ்சியது. மறுநாள் செய்தித்தாள்களில் பல படங்களில் வளையம் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருந்தது. மாடியில் ஒருவர் நினைவுபடுத்தியது அதைத்தான்.

அந்த நிறம் சூரியனுடையது அன்று. கறுப்புப் பாலிமர் போட்ட கிரகணக் கண்ணாடி சூரியனை ஆரஞ்சாகக் காட்டும். 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி பச்சையாகக் காட்டும். வெள்ளித் தாள்போல் மின்னும் வடிப்பான்களில் வெளிர்நீலம். ஒரே சூரியன், கண்ணாடிக்கு ஒரு வேஷம். வளைய கிரகணத்தில் மிஞ்சும் அந்த மெல்லிய விளிம்பும் வழக்கமான வெள்ளைச் சூரிய ஒளியே. வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாததும் அதனால்தான். சந்திர கிரகணத்துக்கு இந்தத் தடை எதுவும் இல்லை.

சொந்தச் சிவப்பு

நிலா சூரியனை ஓர் இம்மியும் விடாமல் மூடும் முழுச் சூரிய கிரகணத்தில்தான் உண்மையான சிவப்பு வெளியே வருகிறது. கடைசி ஒளிப்பொட்டு அணைந்ததும், கரிய வட்டத்தின் ஓரத்தில் ரோஜாச் சிவப்பில் ஒரு கீற்று சில விநாடிகள் மின்னும். ஆங்காங்கே அதே நிறத்தில் தீநாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் வெளியே முத்துவெள்ளையில் ஓர் ஒளிமகுடம். கொரோனா என்ற அதன் பெயர்தான் பின்னாளில் கிருமிக்குப் போனது.

நாம் தினமும் பார்க்கும் சூரிய வட்டத்துக்கு ஒளிமண்டலம் என்று பெயர். அதன் மேல் போர்த்திய மெல்லிய வாயுப் படலம் நிறமண்டலம்; தடிமன் இரண்டாயிரம் கிலோமீட்டர் அளவில். சூரியனின் விட்டமோ கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர். சூரியனை ஒரு மீட்டர் அகலக் கோலமாகப் போட்டால், நிறமண்டலம் ஒன்றரை மில்லிமீட்டர். கோலமாவின் ஓர் இழைகூட இல்லை. பட்டப்பகல் மின்மினிபோல், ஒளிமண்டலத்தின் பிரகாசத்தில் அது மற்ற நேரங்களில் தெரிவதே இல்லை.

அது ஏன் சிவப்பு? அடுப்பில் உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழியும்போது, நீலமாக எரியும் காஸ் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பில் உள்ள சோடியத்தின் நிறம் அந்த மஞ்சள். சூடேறிய ஒவ்வொரு தனிமத்தின் வாயுவும் தனக்கென்று சில நிறங்களை மட்டும் உமிழும். அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரான் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது விடும் ஒளி அது. நிறமண்டலத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன். ஹைட்ரஜனின் எலெக்ட்ரான் மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கினால் வருவது 656.3 நானோமீட்டர், அசல் சிவப்பு. உடன் கொஞ்சம் நீலமும் உமிழ்வதால்தான் ரோஜாச் சாயல். இங்கே எந்த நிறத்தையும் யாரும் பறிக்கவில்லை, காற்றுக்கும் வேலையில்லை.

குண்டூரில் ஒரு காலை

அந்தச் சிவப்புத் தீநாக்குகள் சூரியனுடையவையா, நிலாவுடையவையா என்றே நெடுநாள் சண்டை இருந்தது. 1860இல் ஸ்பெயினில் எடுத்த புகைப்படங்கள் அதைத் தீர்த்தன: நிலா நகர நகர, ஒரு பக்கத்து நாக்குகள் மறைந்தன, மறுபக்கத்தவை வெளிப்பட்டன. நிலா வெறும் திரை, நாக்குகள் சூரியனுடையவை. ஆனால் அவை எதனால் ஆனவை?

விடை 1868 ஆகஸ்ட் 18 அன்று நம் பக்கத்தில் கிடைத்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சென் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன். வனபர்த்தியில் அதே வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சூரியன் மறைந்ததும் தீநாக்கின் ஒளி தொடர்ந்த வானவில்லாக வரவில்லை. சில பிரகாசமான கோடுகளாக மட்டும் வந்தது. சூடான வாயு என்று அதற்கு அர்த்தம், அதில் முதன்மையானது ஹைட்ரஜன். கோடுகள் இருந்த பிரகாசத்தைப் பார்த்த ஜான்செனுக்கு, இதற்குக் கிரகணமே தேவையில்லையே என்று தோன்றியது. மறுநாள் காலை, முழுச் சூரியன் காயும்போதே அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டார். இங்கிலாந்தில் இருந்த நார்மன் லாக்கியர் தன் போக்கில் அதே ஆண்டு அக்டோபரில் இதைச் சாதித்தார். நிறமண்டலம் என்ற பெயரை வைத்தவரும் அவர்தான்.

அந்தக் கோடுகளில் மஞ்சளாக ஒன்று, தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. சூரியனின் கிரேக்கப் பெயரான ஹீலியோஸிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அது கிடைக்க 1895 ஆயிற்று. இன்று திருவிழாக் கடையில் பலூனுக்குள் அடைத்து விற்கிறார்கள்.

ஜான்செனின் உபாயம் பிற்பாடு நிரந்தர வேலையாயிற்று. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1912 முதலே அந்த 656.3 சிவப்பில் மட்டும் சூரியனைப் படமெடுத்துவந்தார்கள். அந்தப் படங்களில் நிறமண்டலத்தை எந்த நாளிலும் பார்க்கலாம்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். 2022 தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 25 மாலை, கடிபட்ட சூரியன் சிவப்பாகவே மேற்கில் இறங்கியதே? அது அஸ்தமனச் சிவப்பு. டம்ளர்ப் பால் கணக்கு. கிரகணம் இல்லாவிட்டாலும் அன்று சூரியன் சிவந்துதான் விழுந்திருக்கும்.

அடுத்த முறை

2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கூட்டம் தெருவில் கூடும் நேரத்தில், நம் வானில் முழுச் சந்திர கிரகணம். பத்து மணியை ஒட்டி மாடிக்குப் போனால் போதும். தான்ஜோன் அளவில் எத்தனை மதிப்பெண் என்று போட்டுப் பாருங்கள். முழுமை முடியும் தறுவாயில் நீலக்கரையைத் தேடுங்கள்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அன்று பிடிப்பது யார்? கணக்குப் பார்த்தேன். கேது. செம்பாம்பின் முறை. அப்படியானால் சிவப்பு சரிதான் என்று திருப்தியாகத் தலையாட்டினார். அதற்குள் எங்காவது ஓர் எரிமலை வெடித்துத் தொலைத்தால் செம்பாம்பும் கறுத்துப்போகும் என்பதை நான் சொல்லவில்லை.